புறா காலில் ஒரு டெராபைட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புறா மூலம் இன்டர்நெட் டேட்டா அனுப்ப முறையான நெறிமுறையே இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேர் உடனே கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள். என் வேலை நெட்வொர்க்கில், குடியிருப்பது வடசென்னையில். சுற்றிலும் மொட்டை மாடிக்கு மொட்டை மாடி புறாக் கூண்டுதான். ஆபீஸில் இருப்பவர்கள் புறாவுக்கு வழி எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள், கூண்டுக்காரர்கள் ஐபி என்றால் என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்து எழுதியது இது.

இது நிஜமா, ஏப்ரல் ஃபூல் வேலையா?

இரண்டும்தான். இன்டர்நெட் எப்படி இயங்க வேண்டும் என்ற விதிகளை ஆர்எஃப்சி என்று பெயரிட்டு, வரிசை எண் போட்டு வெளியிடுவார்கள். உங்கள் மெயில், நீங்கள் திறக்கும் இணையப் பக்கம், எல்லாமே அந்த விதிகளின்படிதான் ஓடுகின்றன. 1990 ஏப்ரல் 1 அன்று டேவிட் வைட்ஸ்மன் என்பவர் அதே வரிசையில், அதே கறாரான நடையில் எழுதிய ஆவணம்தான் ஆர்எஃப்சி 1149. பறவைகள் வழியாக ஐபி பாக்கெட்டுகளை அனுப்புவது எப்படி என்பதுதான் விஷயம். ஐபி என்பது டேட்டாவை முகவரி போட்டு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் நெறிமுறை, பாக்கெட் என்பது அப்படிப் போகும் ஒரு சின்னப் பொட்டலம்.

செய்முறை இதுதான். பாக்கெட்டைச் சின்னக் காகிதச் சுருளில் பதினாறடிமான எண்களாக (0 முதல் 9 வரை, A முதல் F வரை) அச்சடிக்க வேண்டும். அதைப் புறாவின் ஒரு காலில் சுற்றி, டேப் போட்டு ஒட்டி, பறக்கவிட வேண்டும். வந்து சேர்ந்ததும் பிரித்து, ஸ்கேன் செய்து, மறுபடி கணினிக்குள் ஏற்ற வேண்டும். எவ்வளவு டேட்டா போகும் என்பது காலின் நீளத்தைப் பொறுத்தது. வழக்கமான அளவு 256 மில்லிகிராம் என்று ஆவணம் சொல்கிறது. டேட்டாவை மில்லிகிராமில் அளந்த ஒரே ஐபி விதி இதுவாகத்தான் இருக்கும். புறாவுக்கு வயது ஏற ஏற அந்த அளவும் கூடுமாம். புறாக்கள் ஒன்றோடொன்று மோதாமல் தாமே விலகிப் பறக்கும். புழு (கணினியில் பரவும் ஒருவகை வைரஸுக்கும் அதே பெயர்தான்) கண்ணில் பட்டால் கண்டுபிடித்து அழித்துவிடும் வசதியும் கூடவே வருகிறது, தனியாக ஆன்டிவைரஸ் வேண்டாம். வந்து போன தடயம் மரக்கட்டைகளிலும் கேபிள் தட்டுகளிலும் தானாகவே பதிவாகும். புறா வளர்க்கும் வீட்டு மாடியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கடைசி வரியை விளக்க வேண்டியதில்லை.

நகைச்சுவை என்பதற்காக இதை ஒதுக்கிவிடக் கூடாது. ஐபி என்ற நெறிமுறையின் அடிப்படைப் பெருமையே, அடியில் என்ன ஓடுகிறது என்று அது கேட்காது என்பதுதான். செம்புக் கம்பியோ, கண்ணாடி இழையோ, வைஃபையோ, எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறிப் போகும். கம்பியே இல்லாத ஒன்றின்மேலும் போகுமா என்று கேட்டு, போகும் என்று எழுதிக் காட்டினார் வைட்ஸ்மன். நெட்வொர்க் படிக்கிற பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலேயே இந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

அதோடு முடிந்ததா?

இல்லை. 1999 ஏப்ரல் 1இல் வைட்ஸ்மனே ஆர்எஃப்சி 2549 எழுதினார். விமான டிக்கெட்டைப் போலப் புறாவிலும் வகுப்புகள் வந்தன. அதிக எடை கொண்டுபோக நெருப்புக்கோழியைப் பயன்படுத்தலாம், ஆனால் அது பறக்காது என்பதால் வழியில் பாலம் வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். பாக்கெட் தவறுதலாக ஒரு பருந்தின் வயிற்றுக்குள் போய்விட்டால் அதைப் பிரித்தெடுப்பது அசிங்கமான வேலை, பாக்கெட்டும் சிதைந்திருக்கும் என்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் வேலையைத் தினமும் செய்பவர்கள் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

2011 ஏப்ரல் 1இல் ஐபியின் ஆறாம் பதிப்புக்கும் புறா வந்துவிட்டது. அது ஆர்எஃப்சி 6214. எழுதியவர்கள் பிரையன் கார்ப்பென்டரும் பாப் ஹிண்டனும். இருவருமே இன்டர்நெட் விதிகளை உருவாக்குவதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

யாராவது செய்து பார்த்தார்களா?

பார்த்தார்கள். நார்வேயில் பெர்கன் நகரத்து லினக்ஸ் ஆர்வலர் குழு, உள்ளூர்ப் புறா வளர்ப்போரைச் சேர்த்துக்கொண்டு 2001 ஏப்ரல் 28 அன்று ஆர்எஃப்சி 1149ஐ அப்படியே நடத்திக் காட்டியது. தூரம் சுமார் 5 கி.மீ. அனுப்பியது பிங். எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் மிகச் சின்ன பாக்கெட் அது. ஒன்பது அனுப்பி, நான்குக்குப் பதில் வந்தது. வேகமாக வந்த பதிலுக்கு ஏறக்குறைய 53 நிமிடம், மெதுவாக வந்ததற்கு 1 மணி 46 நிமிடம். வீட்டு பிராட்பேண்டில் இதே பிங் சில மில்லிசெகண்டில் திரும்பும். பெர்கனிலும் நேரத்தை மில்லிசெகண்டில்தான் கணினி அச்சடித்தது. அறுபது லட்சம், முப்பது லட்சம் என்று வந்த அந்த எண்களைப் பார்க்கும்போது, சட்டம் பேசாமல் தன் வேலையைச் செய்த அந்தக் கணினியின்மேல் எனக்குத் தனிப் பிரியம் வருகிறது.

ஒன்பதில் ஐந்து தொலைந்தால் அது தோல்விதானே?

ஒரு போன் காலுக்கு அது தோல்வி. நெறிமுறைக்குத் தோல்வி இல்லை. ஐபி எப்போதுமே "கொண்டு சேர்த்தே தீருவேன்" என்று வாக்குக் கொடுத்ததில்லை, "முடிந்தவரை முயல்வேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். தொலைந்ததைக் கவனித்து மறுபடி அனுப்புவது அதற்கு மேலே இருக்கும் டிசிபி என்ற இன்னொரு நெறிமுறையின் வேலை.

தொலையும் என்று தெரிந்தே திட்டமிடுவது புறாக்காரர்களுக்குப் பழைய விஷயம். 1870இல் பிரஷ்யப் படை பாரிஸைச் சுற்றி வளைத்தபோது தந்திக் கம்பிகள் அறுபட்டன. நகரத்துக்குள்ளிருந்து பலூனில் புறாக்களை வெளியே கொண்டுபோனார்கள். ரெனே தாக்ரோன் என்ற புகைப்படக்காரர், பக்கம் பக்கமான கடிதங்களைப் படமெடுத்து மெல்லிய படச்சுருளில் பொடியாகச் சுருக்கினார். அந்தச் சுருள்களை ஓர் இறகுக் குழாய்க்குள் செருகி, புறாவின் வால் இறகில் கட்டி அனுப்பினார்கள். ஒரு புறா ஆயிரக்கணக்கான செய்திகளைச் சுமந்தது. குளிர், பனி, வல்லூறு, துப்பாக்கி என்று பல புறாக்கள் போய்ச் சேரவில்லை. அதனால் ஒரே செய்தியைப் பல புறாக்களில் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். பாரிஸில் அவற்றைப் பெரிதாக்கித் திரையில் காட்டி, எழுத்தர்கள் உட்கார்ந்து படியெடுத்து வீடு வீடாகச் சேர்த்தார்கள். சுருக்கம், நகல், மறு அனுப்பல் என்று இன்று நாம் பாடமாக நடத்தும் மூன்றும் அங்கே நடந்தன.

காகிதம் எதற்கு? மெமரி கார்டைக் கட்டிவிட்டால்?

இந்தக் கேள்விக்காகத்தான் நான் இத்தனையும் எழுதுகிறேன். கொஞ்சம் விரிவாகவே கணக்குப் போடலாம்.

மாமல்லபுரம் பக்கம் ஈசிஆர் ரிசார்ட்டில் ஒரு கல்யாணம். வீடியோகிராஃபர் கையில் ஒரு டெராபைட் காட்சி இருக்கிறது. எடிட்டிங் நடப்பது ராயபுரத்தில். அதே வீட்டு மாடியில் ஹோமர் (எங்கிருந்து விட்டாலும் வீடு திரும்பும் இனம்) புறாக் கூண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர்க்கோட்டில் சுமார் 55 கி.மீ. நல்ல ஹோமர் மணிக்கு 60, 70 கி.மீ. போகும் என்பதால் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஒரு டெராபைட் மைக்ரோ எஸ்டி கார்டு ஏறக்குறைய கால் கிராம்தான். பறக்கும் நேரத்தை மட்டும் எடுத்தால் நொடிக்கு இரண்டு ஜிகாபிட்டுக்கும் மேல் (எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்).

ஆனால் அது நேர்மையான கணக்கு இல்லை. கார்டில் ஏற்றவும் இறக்கவும் நேரம் பிடிக்கும். நொடிக்கு 100 மெகாபைட் என்று வைத்தால் ஏற்ற 2 மணி 47 நிமிடம், இறக்க இன்னொரு 2 மணி 47 நிமிடம். பறப்பதையும் சேர்த்தால் ஆறரை மணி நேரம். அதே ஒரு டெராபைட்டை 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் அனுப்ப, வேகம் ஒரு நொடிகூடக் குறையாமல் இருந்தாலும், 22 மணி நேரம் ஆகும். 300 எம்பிபிஎஸ் என்றால் ஏழரை மணி. அதையும் புறா ஒரு மூச்சு முந்திவிடும். 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு 1 ஜிகாபிட்) ஃபைபரிடம் தோற்றுவிடும், அது இரண்டேகால் மணியில் முடித்துவிடும்.

சரி, நான்கு கார்டு? மொத்த எடை ஒரு கிராம். இரண்டு பக்கமும் நான்கு ரீடர் வைத்து ஒரே நேரத்தில் ஏற்றி இறக்கினால் நான்கு டெராபைட்டும் அதே ஆறரை மணியில் வந்துவிடும். 1 ஜிபிபிஎஸ் ஃபைபருக்கு இப்போது ஒன்பது மணி நேரம் தேவை. புறா ஜெயித்துவிட்டது!

சென்னைக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். புறா என்பது தண்ணீர் லாரி, ஃபைபர் என்பது குழாய். லாரி எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். வந்துவிட்டால் ஒரே நேரத்தில் தொட்டி நிறைந்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு யாரும் லாரி கூப்பிட மாட்டார்கள். டேட்டாவிலும் எவ்வளவு வருகிறது என்பது வேறு, முதல் சொட்டு எப்போது வருகிறது என்பது வேறு. "நெட் ஸ்பீடா இல்ல" என்று புகார் செய்பவரிடம், இந்த இரண்டில் எது இல்லை என்று முதலில் கேட்க வேண்டும்.

நிஜப் போட்டியில் புறா ஜெயித்ததுண்டா?

உண்டு. 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற பதினொரு மாதப் புறாவின் காலில் 4 ஜிபி மெமரியைக் கட்டி, ஹோவிக்கிலிருந்து டர்பனுக்கு, சுமார் 80 கி.மீ., அனுப்பினார்கள். அதே நேரம் அதே கோப்பை, போன் கம்பி வழியாக வரும் ஏடிஎஸ்எல் இணைப்பிலும் அனுப்பினார்கள். வின்ஸ்டன் பறந்தது 1 மணி 8 நிமிடம், கணினியில் இறக்கி முடிக்க மொத்தம் 2 மணி 7 நிமிடம். அதற்குள் ஏடிஎஸ்எல் தாண்டியிருந்தது 4 சதவீதம். நொடிக்கு 4 மெகாபிட்டுக்குச் சற்று அதிகம் என்பது வின்ஸ்டனின் சராசரி. அந்தக் காலத்து வீட்டு இணைப்புகளோடு ஒப்பிட்டால் ரொம்பவே மரியாதையான வேகம். அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக 132 கி.மீ. தூரத்துக்கு 700 எம்பி போட்டி வைத்தார்கள். புறா முதலில், கார் அடுத்து, இன்டர்நெட் இணைப்பு நடுவழியில் அறுந்தே போனது.

வாட்ஸ்அப் கால், ஆன்லைன் கேம்?

வேண்டாம். "ஹலோ" சொல்லி ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

திருவல்லிக்கேணி கோபுரத்துப் புறாவைப் பிடித்து அனுப்பலாமா?

கூடாது, பயனும் இல்லை. கோயில் புறா அந்தக் கோபுரத்தையும் குளத்தையும் விட்டு அதிகம் நகராது. சென்னைப் பந்தயக்காரர்கள் வளர்க்கும் புறாக்களிலும் எல்லாம் இதற்கு ஆகாது. கர்ணப் புறா வானத்தில் குட்டிக்கரணம் போடும், பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி, ஆனால் தபால்காரன் இல்லை. சாதா புறா தன் வீட்டு வானத்திலேயே மணிக்கணக்கில் வட்டமடிக்கும். நமக்கு வேண்டியது ஹோமர். அகன்ற மார்பு, இறுகிய இறகு, கண்ணைப் பார்த்தாலே ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். சென்னையிலிருந்து ஆந்திரப் பக்கமாக வடக்கே கொண்டுபோய்த் திறந்துவிட்டு நடத்தும் பந்தயங்களில் வீடு திரும்புவது இந்த இனம்தான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இன்று ஒரு ஹோமரை வாங்கி நாளைக்கே பறக்கவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். அது விற்றவர் வீட்டுக்குப் போய்விடும். உங்கள் கூண்டை வீடாக ஏற்க வேண்டுமானால் அது அங்கேயே குஞ்சாக வளர வேண்டும். இறகு முளைத்ததும் முதலில் மாடியைச் சுற்றி, அப்புறம் சில கிலோமீட்டர், அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளி என்று பல வாரம் பழக்க வேண்டும். ஃபைபர்காரர் அடுத்த நாளே வந்து பெட்டி மாட்டிவிடுவார். இந்த ஒரு விஷயத்தில் அவர்தான் வேகம்.

வழி எப்படித் தெரிகிறது?

ஒரே கருவியை நம்பி அது பறப்பதில்லை. சூரியன் இருக்கும் திசை, பூமியின் காந்தப்புலம், காற்றில் வரும் வாசனை, கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள் எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்துகிறது. பழகிய பாதையில் ஹோமர்கள் நெடுஞ்சாலையைப் பிடித்துக்கொண்டு பறப்பதையும், சாலை திரும்பும் இடத்தில் திரும்புவதையும் ஜிபிஎஸ் கட்டி ஆராய்ந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள்.

இதில் டேட்டாக்காரர்களுக்கு ஒரு முக்கியச் செய்தி இருக்கிறது. வில்லியம் கீட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971இல் வெளியிட்ட சோதனையில், புறாவின் முதுகில் சின்னக் காந்தத்தைக் கட்டினார். வெயில் அடிக்கும் நாளில் புறாக்கள் சரியாக வீடு போயின. மேகம் மூடிய நாளில் தடுமாறின. சூரியன் தெரியாதபோதுதான் காந்த உணர்வு கைகொடுக்கிறது, அதைக் குழப்பினால் வழி தவறுகிறது. ஹார்ட் டிஸ்கின் உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. எடை ஒருபுறம் இருக்க, இதற்காகவும் அது புறாவுக்கு ஆகாது. மைக்ரோ எஸ்டி கார்டில் அந்தத் தொல்லை இல்லை.

அப்படியானால் பதிலை அதே புறாவிடம் கொடுத்துவிடலாமா?

முடியாது. பலர் எதிர்பார்க்காத இடம் இது. ஹோமர் ஒருவழிப் பறவை. எங்கிருந்து விட்டாலும் தன் வீட்டுக்குத்தான் வரும். சத்திமுத்தப் புலவர் நாரையைக் கூப்பிட்டு, போகிற வழியில் என் மனைவியிடம் சொல் என்று பாடலாம். ஹோமரிடம் அதெல்லாம் நடக்காது.

எனவே இருவழித் தொடர்பு வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் கூண்டு வேண்டும். அங்கே வளர்ந்த புறாவை இங்கே, இங்கே வளர்ந்ததை அங்கே, முன்கூட்டியே கூடையில் வைத்து ரயிலிலோ வேனிலோ கொண்டுபோய் வைத்திருக்க வேண்டும். கையிருப்பில் இருக்கும் புறா தீர்ந்தால் இணைப்பும் தீர்ந்தது. டிசிபியில் ஓர் இணைப்பைத் தொடங்கவே மூன்று செய்தி போய்வர வேண்டும். "பேசலாமா", "பேசலாம், நீ தயாரா", "தயார்". ஈசிஆருக்கும் ராயபுரத்துக்கும் நடுவே இந்த மூன்றுக்கே மூன்று புறாவும் அரை நாளும் போய்விடும், இன்னும் ஒரு எழுத்து டேட்டா போயிருக்காது. அதனால் புறாவில் பேச்சுவார்த்தையைக் குறைத்து, முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் அனுப்பிவிடுவதே புத்திசாலித்தனம். சரியாக வந்ததா என்று சரிபார்க்கும் தொகையையும் கார்டிலேயே எழுதிவிட வேண்டும். செவ்வாய்க் கிரகத்துக்கு விண்கலம் அனுப்புபவர்களும் இதே மாதிரிதான் யோசிக்க வேண்டியிருக்கிறது, போய்வரும் நேரம் நீளும்போது வளவளவென்று பேச முடியாது.

வந்து இறங்கிவிட்டால் வேலை முடிந்ததா?

இல்லை, அங்கேதான் உயிர் போகும். பந்தய நாளில் ஒரு கூண்டுக்காரர் வீட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். எல்லாரும் வடக்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். புள்ளி ஒன்று தெரியும், சிறகை மடக்கிக்கொண்டு சர்ரென்று இறங்கும். இறங்கி, கூண்டுக்குள் போகாமல் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்க்மேல் உட்கார்ந்து இறகைக் கோதும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்தது கடைசிப் பத்தடியில் நிற்கிறது. சத்தம் போட்டால் எழும்பிவிடும். கையை நீட்டவும் கூடாது. "தம்பி, அசையாத" என்று கிசுகிசுத்துவிட்டு, பெரியவர் கம்பு போட்ட டப்பாவை மெல்லக் குலுக்குவார். அந்தச் சத்தத்துக்குத் தலையைச் சாய்க்கும், இன்னும் ஒரு இறகைக் கோதும், அப்புறம்தான் இறங்கி, உள்ளே மட்டும் திறக்கும் கம்பித் தடுப்பைத் தள்ளிக்கொண்டு நுழையும். மின்னணு வளையம் போட்ட புறா என்றால் வாசல் பலகையில் கால் வைத்த நொடி நேரம் பதிவாகும். பந்தயத்தில் டேங்க்மேல் உட்கார்ந்த நேரத்துக்குச் சலுகை கிடையாது.

நெட்வொர்க்கிலும் இதே கதைதான். கண்டம் விட்டுக் கண்டம் கடலடியில் ஓடிவந்து சாந்தோம் கரை ஏறும் டேட்டா, தெருமுனைப் பெட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வருவதற்குள் திணறும். கடைசி மைல் என்று நாங்கள் சொல்லும் அந்தத் துண்டுக்கு இவ்வளவு அழகான விளக்கத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஒரு புறா எவ்வளவு சுமக்கும்?

1908 வாக்கில் ஜெர்மனியில் யூலியஸ் நாய்ப்ரோனர் என்ற மருந்துக்கடைக்காரர் புறாவின் மார்பில் குட்டி கேமராவைக் கட்டி வானிலிருந்து படமெடுத்தார். அவர் கண்ட உச்ச அளவு 75 கிராம். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 300 டெராபைட் கட்டலாம் என்று கணக்குப் போடுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஹோமரின் எடையே அரை கிலோவுக்குள்தான். சுமை கூடினால் வேகம் குறையும், களைக்கும், வல்லூறிடம் மாட்டும். சில கிராமுக்குமேல் போகவே கூடாது. காலில் நேரடியாக டேப் ஒட்டுவதும் வேண்டாம், தோல் உரியும். தளர்வான வளையத்தில் சின்னக் குழாய் போதும். புறாவுக்காகத் தன் தொடைச் சதையை அரிந்து தராசில் வைத்த சிபியைச் சோழர் முன்னோன் என்று கொண்டாடும் ஊர் நம்முடையது. ஒரு டெராபைட்டுக்காகப் புறாவை வதைத்தோம் என்ற பேச்சு நமக்கு வேண்டாம்.

வழியில் யாராவது பிடித்துவிட்டால்? பாதுகாப்பு?

வல்லூறு பிடித்தால் டேட்டா போகும், ஆனால் கசியாது. ஆள் பிடித்தால் கசியும். களைத்த புறா வேறு கூண்டில் இறங்குவது சாதாரணமாக நடப்பதுதான். அதனால் கார்டை என்கிரிப்ட் செய்யாமல், அதாவது மறைகுறியாக மாற்றாமல், அனுப்பாதீர்கள், அதைத் திறக்கும் சாவியை அதே புறாவில் வைக்காதீர்கள். ஆர்எஃப்சி 1149ம் போர்க்களத்தில் பயன்படுத்துவதாக இருந்தால் மறைகுறியாக்கம் வேண்டும் என்று சொல்கிறது.

நல்ல மறைகுறியாக்கம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி உண்டு. சர்ரே பகுதியில் ஒரு வீட்டுப் புகைபோக்கியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் புறாவின் எலும்புக்கூடு கிடைத்தது. கால் எலும்பில் சிவப்புக் குப்பி, அதற்குள் ஐந்தைந்து எழுத்தாக எழுதிய ரகசியச் செய்தி. 2012இல் அது செய்தியானபோது, பிரிட்டனின் உளவுக் குறியீட்டு நிறுவனமே அதைப் படிக்க முடியவில்லை என்று சொன்னது.

மழை, புயல்?

கனமழையிலும் இருட்டிலும் ஹோமரைப் பறக்கவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் இணைப்பு பாதி நாள் விடுமுறையில் இருக்கும். ஆனால் புயலுக்கு மறுநாள் என்ற கணக்கே வேறு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா அடித்துவிட்டுப் போனபின் சென்னையில் மரங்கள் தெரு தெருவாகச் சாய்ந்து, கரண்டும் கேபிளும் போய், பல வீடுகளில் நாள்கணக்கில் நெட் வரவில்லை. வானம் மட்டும் தெளிவாக இருந்தது.

இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. பக்கத்து மாநிலத்துக்குப் பக்கத்து மாநிலமான ஒடிசாவில் காவல்துறையே புறா அஞ்சல் நடத்தியது. 1946இல் ராணுவம் கொடுத்த 200 புறாக்களோடு, தந்தி எட்டாத கோராபுட் மலைப் பகுதியில் தொடங்கினார்கள். 1948இல் சம்பல்பூரிலிருந்து கட்டாக்குக்கு நேரு அனுப்பிய செய்தியைப் புறா கொண்டு சேர்த்தது. 1999 சூப்பர் சைக்ளோனில் தகவல் தொடர்பு அறுந்தபோதும் அந்தப் புறாக்கள் வேலை செய்தன. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில்தான் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியிருக்க வேண்டாம் என்றே நினைக்கிறேன். டீசல் கேட்காத, டவர் கேட்காத மாற்று வழி ஒன்று கையில் இருப்பது நல்லது.

இந்தக் காலத்தில் டேட்டாவைச் சுமந்துபோகும் வேலையை யாராவது உண்மையாகச் செய்கிறார்களா?

பெரிய அளவில் செய்கிறார்கள். கருந்துளையின் முதல் படம் 2019இல் வந்ததே, அதற்கான டேட்டா 2017இல் உலகின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகளில் சேர்ந்தது. சுமார் 5 பெட்டாபைட், அதாவது ஐயாயிரம் டெராபைட். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் அனுப்பினால் ஒன்றேகால் வருடம் ஆகும். ஹார்ட் டிஸ்குகளாக விமானத்தில் ஏற்றினார்கள். தென் துருவத்து டிஸ்குகள் மட்டும் அங்கே குளிர்காலம் முடிந்து விமானம் இறங்கும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தன. ஆக அந்த இணைப்புக்கும் வானிலைத் தடை உண்டு.

நமக்கும் இது புதிதில்லை. கோடம்பாக்கத்திலிருந்து ஊர் ஊராகப் படப்பெட்டி போன காலத்தை நினைத்துப் பாருங்கள். தியேட்டர் வாசலில் "பெட்டி வந்துடுச்சா" என்று காத்திருந்த கூட்டம் காத்திருந்தது பல பாக வீடியோக் கோப்புக்குத்தான். பெட்டி பஸ்ஸில் வந்தது, சைக்கிளில் வந்தது. ஒரே ஊரில் இரண்டு தியேட்டருக்கு ஒரே பிரதி என்றால், இங்கே ஓடி முடிந்த ரீல் அங்கே சைக்கிளில் பறக்கும்.

கல்லூரி புராஜெக்டாகச் செய்யலாமா?

தாராளமாக. புறாவை வாங்காதீர்கள், புறாக்காரரைப் பிடியுங்கள். ராயபுரம், வியாசர்பாடி, காசிமேடு பக்கம் ஹோமர் வளர்ப்பவர்கள் வழக்கமான பயிற்சிக்குப் புறாவை எப்படியும் வெளியே கொண்டுபோவார்கள். அந்தப் பயிற்சியோடு சேர்ந்து போங்கள். எந்தப் புறா, எத்தனை கிராம், எந்த நாள் என்பதில் அவர் சொல்வதுதான் முடிவு. தை, மாசியில் வானம் தெளிவாக இருக்கும். விடியற்காலையில் விட்டால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடும்.

ஒரே கோப்பின் நகலை இரண்டு புறாவில் அனுப்புங்கள். கார்டில் ஏற்றிய நேரம், பறந்த நேரம், டேங்க்மேல் உட்கார்ந்த நேரம், இறக்கிய நேரம் என்று நான்கையும் தனித்தனியாகக் குறியுங்கள். மொத்தத்தை மட்டும் எழுதினால் எங்கே நேரம் போனது என்று தெரியாது. அறிக்கையில் இணைப்பின் வேகத்தை ஒரே எண்ணாகக் கொடுக்காமல், முதல் பைட் வந்த நேரத்தையும் மொத்த அளவையும் பிரித்துக் கொடுங்கள். கூண்டுக்காரர் பெயரையும் அவர் சம்மதத்தோடு முதல் பக்கத்தில் போடுங்கள். போகும்போது கம்பும் பச்சைப்பயறும் ஒரு பை வாங்கிக்கொண்டு போங்கள், அங்கே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.